பதினான்காம் எண் வீட்டின் சத்தம்

மார்ச் 4

அக்கா,

என்னை அந்தத் தெருவை விட்டுத் துரத்தியது நீங்கள். வீட்டுக்காரர் இல்லை, சங்கச் செயலாளர் இல்லை, நீங்கள்.

ஊகத்தில் எழுதவில்லை. பஸ் பணிமனைக்குப் பின்னால் ஒரு பழைய கிடங்கை வாடகைக்குப் பிடித்திருக்கிறேன். ஆறு மெஷின் போட உரிமம் கேட்டு மனுக் கொடுத்து ஐந்து வாரமாகிறது. ஏன் இழுக்கிறார்கள் என்று கேட்க நேற்று நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். குமாஸ்தா ஒரு கோப்பை என் பக்கம் திருப்பி வைத்தார். "உங்க பேர்ல பழைய புகார் இருக்கேம்மா. குடியிருப்புப் பகுதியில அனுமதி இல்லாத பட்டறை, தொடர்ந்து இரைச்சல். ஆதாரமெல்லாம் பக்காவா இருக்கு" என்றார்.

ஆதாரம் என்றால் நம் தெருவின் அமைதிப் பதிவேடு. வாரம் ஒரு வீட்டுக்கு முறை வைத்து, தெருவில் கேட்ட சத்தத்தையெல்லாம் தேதி, நேரம், வீட்டு எண் போட்டு எழுதுவார்களே, அந்த நோட்டு. குடிவந்த புதிதில், "நாய் குரைச்சா அதுக்கும் ஒரு பக்கம் உண்டாக்கா?" என்று உங்களிடம் கேட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். நாய்க்கு ஒரு பக்கம் இல்லை, நான்கு பக்கம் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

மற்றவர்கள் எழுதியதெல்லாம் பொத்தாம்பொதுவானது. "பகல் முழுதும் மெஷின் தொல்லை", அவ்வளவுதான். அதை வைத்து ஒன்றும் செய்திருக்க முடியாது என்று குமாஸ்தாவே சொன்னார். என்னைக் கவிழ்த்தது நவம்பர் மூன்றாவது வாரம். ஏழு பதிவுகள், நிமிடக் கணக்கோடு. "நவம்பர் 17, மாலை 4.10 முதல் 4.35 வரை, வீட்டு எண் 14, தையல் மெஷின், ஆட்கள் ஐவர்." ஏழு என்ற எண்ணுக்கு நடுவே குறுக்குக் கோடு போடுகிறவர் அந்தத் தெருவில் ஒருவர்தான். சட்டை அளவை நீங்களே எழுதித் தந்த சீட்டு இன்னும் என் அளவு நோட்டுக்குள் இருக்கிறது. வீட்டுக்கு வந்து எடுத்து வைத்துப் பார்த்தேன்.

விசாரணை இருபத்தெட்டாம் தேதி. உரிமம் கிடைக்காவிட்டால் கிடங்கை விட வேண்டும். என்னோடு தைத்த ஐந்து பேரும் ஜனவரியிலிருந்து இதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த ஏழு தடவையும் மெஷின் எதற்காக ஓடியது என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தே எப்படி எழுதினீர்கள்?

போனில் என் எண்ணைத் தடுத்துவிட்டீர்கள். அதனால்தான் தபால்.

14-ஆம் எண் பின்கட்டில் இருந்தவள்


மார்ச் 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நல்லவேளையாகக் கேட்டருகில் நின்றிருந்தேன், தபால்காரர் என் கையில் கொடுத்தார். இனி எழுதுவதானால் பகல் தபாலில் வருகிறமாதிரி போடு. பதினொரு மணிக்கு நான் வெளியே நிற்பேன். போனில் உன்னைத் தடுத்தது நான் இல்லை. என் போன் இப்போது மகனிடம்தான் இருக்கிறது. அவனுடையது உடைந்துவிட்டது.

நீ இருந்த பின்கட்டுக்கு ஒரு வயதான தம்பதி வந்திருக்கிறார்கள். இருக்கிறார்களா என்றே தெரியாது, அவ்வளவு அமைதி. செயலாளருக்கு ரொம்பத் திருப்தி. நீ அவருக்கு 'உஷ்' என்று பெயர் வைத்தாயே, இப்போது ஏழாம் எண் வீட்டு அம்மாவும் அப்படித்தான் சொல்கிறாள். கார் பின்னால் எடுக்கும்போது வருகிற அந்தப் பீப் சத்தத்தையும் எல்லோரும் எடுத்துவிட வேண்டுமாம், போன வாரம் சுற்றறிக்கை வந்தது. பந்து விளையாடுகிற பிள்ளைகளும் ரப்பர் பந்தை விட்டுப் பஞ்சுப் பந்துக்கு மாறிவிட்டார்கள்.

நீ கேட்டதற்கு வருகிறேன். அந்த வாரம் என் முறை. முறை வந்தால் எழுதித்தான் ஆக வேண்டும். உனக்கும் தெரியும், எழுதாத வீட்டைப் பற்றி அடுத்த வாரம் எல்லோரும் எழுதுவார்கள். நான் பொய் எழுதவில்லையே அம்மா. அந்த நேரத்தில் மெஷின் ஓடியது. ஓடவில்லை என்று உன்னால் சொல்ல முடியுமா? மற்றவர்கள் பகல் முழுதும் என்று எழுதினார்கள். நான் இருபத்தைந்து நிமிஷம் என்று எழுதினேன். ஒருவகையில் உனக்கு நல்லதுதான் செய்தேன் என்றுகூட நினைத்துக்கொண்டிருந்தேன்.

உனக்கு உரிமம் கிடைத்துவிடும். நீ கெட்டிக்காரி.

அக்கா


மார்ச் 13

அக்கா,

மெஷின் ஓடியது உண்மை. ஊசியில் நூல் இல்லை என்பதும் உண்மை. அதை ஏன் எழுதவில்லை?

நீங்கள் மறந்திருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன். போன ஜூலை. பள்ளிச் சீருடைகள் குவிந்து கிடந்த நேரம். பொதுச் சுவரில் ஏதோ மோதியது, பிறகு கண்ணாடி உடைந்தது, பிறகு உங்கள் மகனின் குரல். அவன் என்ன சொன்னான் என்பதை நான் எழுதப்போவதில்லை. பெற்ற தாயைப் பார்த்துச் சொல்கிற வார்த்தை இல்லை. கொஞ்ச நேரத்தில் வேலிப்பக்கம் வந்து நின்றீர்கள். உதடு கிழிந்திருந்தது. நான் பதறிப்போய், "உள்ள வாங்கக்கா" என்றேன். உங்களுக்கு அது காதில் ஏறவில்லை. "உன் மெஷினைக் கொஞ்சம் ஓட்டேன்மா. தெருவுல கேக்குது" என்றீர்கள்.

ஓட்டினேன். அன்றைக்கு மட்டுமா? ஜூலையிலிருந்து நவம்பர் வரை, சுவரில் மோதுகிற சத்தம் கேட்டால் நாங்கள் ஆறு பேரும் துணியை எடுத்துவிட்டு, நூலைக் கழற்றிவிட்டு, மெஷினை முழு வேகத்தில் ஓட்டினோம். துணி இல்லாமல் ஓட்டினால், துணியை நகர்த்துகிற பல் தேயும், அது உங்களுக்குத் தெரியாது. என்னிடம் காஜா எடுக்கிறவள், பொத்தான் துளைக்கு விளிம்பு கட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது, முதல் நாளே என்னைப் பார்த்துக் கேட்டாள்: "என்னக்கா இது, காத்துக்கா சட்டை தைக்கிறோம்?" எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த முறை யாரும் சிரிக்கவில்லை. நான் அவர்களிடம் எதுவும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. உங்கள் சட்டைகளுக்கெல்லாம் கையை மணிக்கட்டு வரை நீட்டித் தரச் சொன்னபோது, அளவு எடுத்தவள் அந்தக் காஜாதான். கறுத்துப்போயிருந்த இடத்தைப் பார்த்தவளும் அவள்தான்.

தெருவுக்குத் தெரியாதென்றா நினைக்கிறீர்கள்? ஒருநாள் உஷ் நடைப்பயிற்சிக்குப் போகும்போது உங்கள் வீட்டில் நாற்காலி விழுந்தது. மனிதர் நின்றார். உங்கள் ஜன்னலைப் பார்க்கவில்லை, என் ஜன்னலைப் பார்த்தார். தாய் அடி வாங்குகிற சத்தத்தை அந்தத் தெரு பொறுத்துக்கொள்ளும். கூலிக்குத் தைக்கிற சத்தத்தைத்தான் பொறுக்காது. பஸ் நிறுத்தம் வந்தால் இரைச்சல் என்று மனுக் கொடுத்துத் தடுத்தவர்கள்தானே. என் ஆட்கள் ஐந்து பேரும் நெடுஞ்சாலையிலிருந்து இருபது நிமிஷம் நடந்து, பின்வாசல் வழியாக, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

அவர்களை நான் மன்னிக்க வேண்டியதில்லை, அவர்கள் எனக்கு யாரும் இல்லை. நீங்கள் அப்படியா?

என் பங்குக் குற்றமும் உண்டு. மெஷினை ஓட்டியதற்குப் பதில் சுவர் தாண்டி வந்திருக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். அதற்காக நீங்கள் எழுதியது சரியாகிவிடாது.

இருபத்தெட்டாம் தேதி வாருங்கள். வர முடியாவிட்டால் எழுதிக் கொடுங்கள்.


மார்ச் 18

தங்கச்சி,

உன் கடிதத்தைக் குளியலறையில் வைத்துப் படித்தேன். பிறகு கிழித்துத் தண்ணீரில் விட்டேன். கோபித்துக்கொள்ளாதே, வைத்திருக்க இடமில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் முறை முடிகிற அன்று செயலாளர் நோட்டை வாங்க வந்தார். என் பக்கம் காலியாக இருந்தது. "நாலு பேர் வாய்மொழியா சொல்லியிருக்காங்க. பதினாலுக்கும் பதினஞ்சுக்கும் நடுவுல சத்தம். எந்த வீடுன்னு நீங்களே எழுதிடுங்க, பக்கத்துல இருக்கறவங்க சொன்னாத்தான் செல்லும்" என்றார். நான் நோட்டை மூடப் போனேன். "உங்க பையனுக்கு கோர்ட்டுல எழுத்தர் வேலை வரப்போகுதாமே. நன்னடத்தைச் சான்று சங்கத்துலதான் தரணும். சண்டை சச்சரவு உள்ள வீடுன்னா நான் எப்படிம்மா கையெழுத்துப் போடறது" என்றார். ரொம்பத் தன்மையாகத்தான் சொன்னார். பேனாவையும் அவரே கொடுத்தார்.

எண் எழுத ஒரு கட்டம்தான் இருந்தது. பதினான்கு என்று எழுதினேன்.

தேதியும் நேரமும் எனக்கு மனப்பாடம். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மற்றவர்களுக்குத்தான் அது சத்தம்.

உனக்கு ஒரு எச்சரிக்கை வரும், நீ இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாய், பிறகு சரியாகிவிடும் என்று நினைத்தேன். நகராட்சி வரை போகும் என்று சத்தியமாகத் தெரியாது. நீ மெஷின்களை வண்டியில் ஏற்றின அன்று நான் மாடியில்தான் இருந்தேன். திரைச்சீலையை விலக்கவில்லை.

அவன் அப்பாவிடம் ஒருமுறை போனில் சொன்னேன். "நீதான் செல்லம் குடுத்துக் கெடுத்தே" என்றுவிட்டு வைத்துவிட்டார். வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறவருக்கு அவ்வளவுதான் தெரியும். நான்கு வருஷம் வேலையில்லாமல் அறைக்குள் கிடந்தவன் அவன். வேலை உத்தரவு வந்த பிறகு ஒருநாள்கூடக் கையை ஓங்கவில்லை. போன வாரம் எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தான். ஏப்ரல் ஒன்றாம் தேதி சேர வேண்டும்.

அதுவரை பொறு. அவன் சேர்ந்ததும் நீ என்ன கேட்டாலும் எழுதித் தருகிறேன். நீயும் ஒரு பிள்ளையைப் பெற்றிருந்தால் புரிந்துகொள்வாய்.

அக்கா


மார்ச் 21

அக்கா,

கடைசி வரியை நீங்கள் எழுதாமல் இருந்திருக்கலாம். எனக்குப் பிள்ளை இல்லை என்பது உங்களுக்கு ஒரு வாதமாகப் பயன்படும் என்று நான் நினைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு என்னோடு மூன்று முறை வந்தவர் நீங்கள்.

ஏப்ரல் ஒன்று எனக்கு ஆகாது. விசாரணை இருபத்தெட்டு.

அதிகாரியைப் பார்த்துக் கேட்டேன். அதே தெருவில் குடியிருக்கிற ஒருவர் எழுத்தில் கொடுத்தால் பழைய பதிவை மறு பரிசீலனை செய்வார்களாம். உங்கள் மகன் பெயர் வேண்டாம். அடி உதை வேண்டாம். நானே வாசகம் எழுதித் தருகிறேன், அப்படியே எழுதுங்கள்: "மேற்படி ஏழு நேரங்களிலும் என் வேண்டுகோளின்பேரிலேயே மெஷின் இயக்கப்பட்டது. மற்ற நேரங்களில் எனக்கு எந்த இடையூறும் இருந்ததில்லை." அவ்வளவுதான். எதற்கு வேண்டினீர்கள் என்று யாராவது கேட்டால் உங்கள் சட்டைகள் அவசரம் என்று சொல்லுங்கள். உங்களுக்காக ஒரு பொய்யையும் நானே தைத்துத் தருகிறேன்.

காஜா இப்போது ஒரு அலுவலகத்தில் கழிவறை கழுவுகிறாள். நேற்று வந்து உட்கார்ந்து விரல்களை விரித்துக் காட்டினாள், மருந்துத் தண்ணீர் பட்டுத் தோல் உரிந்திருந்தது. "இந்தக் கையோட ஊசி பிடிச்சா துணியெல்லாம் இழுத்துக்கும்க்கா" என்றாள். அவள் உங்களைத் திட்டவில்லை. "அந்தம்மா நல்லாருக்காங்களா?" என்று கேட்டாள். 


மார்ச் 25

தங்கச்சி,

எழுதிவிட்டேன். நீ சொன்ன வாசகத்தையே எழுதி, கையெழுத்தும் போட்டு, துணி அலமாரியில் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். தபாலில் போட்டால் தாமதமாகும். நானே கொண்டுவருகிறேன். பத்தரைக்கு அங்கே இருப்பேன். பல் மருத்துவரிடம் போவதாகச் சொல்லிக்கொள்கிறேன்.

போன கடிதத்தின் கடைசி வரிக்கு என்னை மன்னித்துவிடு. எழுதிய கை என்னுடையதுதான், ஆனால் புத்தி எங்கேயோ இருந்தது.

காஜாவிடம் நான் நன்றாக இருப்பதாகச் சொல்.

அக்கா


மார்ச் 29

நீங்கள் வந்தீர்கள். மகனோடு வந்தீர்கள்.

நான் நேற்றிலிருந்து அதையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவன் உங்களுக்கு நாற்காலி இழுத்துப் போட்டான். உங்கள் கைப்பையை அவன்தான் தோளில் மாட்டியிருந்தான். காஜா இருமியபோது குழாயடிக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வந்து கொடுத்தான். என்னைப் பார்த்து, "நல்லாருக்கீங்களா ஆன்ட்டி?" என்றான். அதிகாரி உங்களிடம், "கொடுத்து வச்சவங்கம்மா நீங்க" என்றார். நீங்கள் சிரித்தீர்கள்.

மின்விசிறிச் சத்தத்தில் அதிகாரிக்குக் காது கேட்கவில்லை, இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் சொன்னீர்கள். "மெஷின் சத்தம்தாங்க. பக்கத்து வீடுங்கறதால பொறுத்துப் பார்த்தோம். முடியல." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னீர்கள் என்றாவது எழுத ஆசைதான். பார்த்துத்தான் சொன்னீர்கள்.

மனு தள்ளுபடி. இரண்டு வருஷத்துக்கு மறுபடி கேட்கக் கூடாது. கிடங்குச் சாவியை இன்று மாலை திருப்பிக் கொடுக்கிறேன். ஆறு மெஷினில் நான்கை விற்க ஆள் பார்த்திருக்கிறேன்.

நான் ஏன் அங்கேயே எழுந்து கத்தவில்லை என்று காஜா வழி நெடுக என்னைத் திட்டிக்கொண்டு வந்தாள். "வாயில என்னக்கா வச்சிருந்தே?" என்றாள். உங்கள் மகனை இழுப்பதில்லை என்று நான் கொடுத்த வாக்கைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. எனக்கும் முழுசாக நம்பிக்கை இல்லை. ஐந்து வருஷம் அந்தத் தெருவில் இருந்து என் வாயும் கதவைப் போல மெதுவாகச் சாத்திக்கொள்ளப் பழகிவிட்டது.

இன்னொன்று. கையெழுத்துப் போடும்போது பேனாவை இடது கையில் பிடித்தீர்கள். வலது கை சால்வைக்குள் இருந்தது. அதிகாரி கேட்டதற்கு, "படியில விழுந்துட்டேங்க" என்றீர்கள். உங்கள் வீட்டில் மூன்றே படிதான், அக்கா.

அலமாரியில் வைத்த காகிதம் அவன் கையில் கிடைத்ததா? எப்போது? என்ன நடந்தது? எனக்கு எழுதுங்கள். நான் உங்களை மன்னிக்கவில்லை. மன்னிப்பு வேறு, இது வேறு.


ஏப்ரல் 12

பெறுநர்: முன்னாள் வாடகைதாரர், வீட்டு எண் 14

மதிப்பிற்குரியவருக்கு,

பொருள்: தேவையற்ற கடிதப் போக்குவரத்தை நிறுத்துதல் தொடர்பாக.

தாங்கள் அனுப்பிய மார்ச் 29 தேதியிட்ட கடிதம் கிடைக்கப்பெற்றது. நான் நலமாக உள்ளேன். என் மகன் பணியில் சேர்ந்துவிட்டார். தங்கள் கடிதங்கள் எங்கள் குடும்பத்தின் மன அமைதிக்கு இடையூறாக உள்ளன. இனி எழுத வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். மீறினால் உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.

இப்படிக்கு,
வீட்டு எண் 15


ஏப்ரல் 22

அக்கா,

உங்கள் பெயரில் ஒரு கடிதம் வந்தது. தட்டச்சு செய்தது. கையெழுத்து இல்லை. வேலையில் சேர்ந்து பத்து நாளில் நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறான்.

போன சனிக்கிழமை நேரில் வந்தேன், காஜாவும் கூட வந்தாள். பகல் பதினொரு மணி. மணியை அழுத்தினேன். அவன்தான் வந்தான். "அம்மா தூங்கறாங்க ஆன்ட்டி." பதினொரு மணிக்கா என்று கேட்டேன். "மாத்திரை போட்டிருக்காங்க" என்றான். எழுந்ததும் பார்த்துவிட்டுப் போகிறோம் என்றதற்கு, சிரித்தமுகத்தோடு கேட்டைப் பூட்டினான்.

ரோட்டில் நின்று, "அக்கா" என்று கூப்பிட்டேன். மூன்று தடவை. முழுத் தொண்டையில். அந்தத் தெருவில் நான் குரலெடுத்துப் பேசியது அதுதான் முதல் முறை. ஏழாம் எண் வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது, பிறகு பத்தாம் எண், பிறகு என் பழைய பின்கட்டு. ஒன்றைக்கூட அடித்துச் சாத்தவில்லை. உஷ் வந்தார். "இங்க நின்னு கூப்பிடக் கூடாதும்மா. குடும்பங்க இருக்கற இடம்" என்றார். காஜா அவரைப் பார்த்து, "அந்தக் குடும்பத்துல ஒரு பொம்பளையைக் காணோமே சார், அதை எழுதிக்கிட்டீங்களா?" என்று கேட்டாள். அவர் காஜாவின் செருப்பைப் பார்த்தார்.

நீங்கள் எனக்குச் செய்தது துரோகம். அதை நான் வேறு பெயரில் சொல்லப்போவதில்லை. என் தொழிலை, என் ஆட்களின் சோற்றை, நான் உங்கள்மேல் வைத்திருந்த எல்லாவற்றையும் ஒரு கட்டத்துக்குள் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். அதைப் பற்றி உங்களோடு எனக்கு ஒரு பெரிய சண்டை பாக்கி இருக்கிறது. சண்டை போட நீங்கள் வேண்டும்.

இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். ஒப்புகை அட்டை கூட வரும். அதில் உங்கள் கையால் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். இடது கையானாலும் பரவாயில்லை.


மே 6

அக்கா,

அட்டை வரவில்லை. தபால் நிலையத்தில் விசாரித்தேன். 'பெறுநர் வாங்க மறுப்பு' என்று எழுதித் திருப்பியிருக்கிறார்கள். யார் மறுத்தது என்று கேட்டேன். வீட்டில் இருந்தவர் என்றார்கள்.

காவல் நிலையத்துக்கும் போனேன். நான் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார்கள். பழைய பக்கத்து வீடு என்றேன். வீட்டுக்கு ஒரு ஆளை அனுப்பினார்களாம், எல்லாம் அமைதியாக இருக்கிறதாம்.

இந்தக் கடிதத்தைத் தபால்காரரிடம் கையிலேயே கொடுத்திருக்கிறேன். பதினொரு மணிக்கு நீங்கள் கேட்டருகில் இருந்தால் மட்டும் கொடுப்பார், இல்லையென்றால் என்னிடமே திருப்பிவிடுவார்.

வெளியே வாருங்கள்.